விறகு பிளக்கும் மெஷின் வந்த நாள்

அத்தியாயம் பதினொன்று

காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஸியாத், ஒன்பதரைக்கே வந்து கேற்றைத் தட்டினான். றஹ்மத் உம்மாவின் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது. கல்யாண வீட்டுக்குக்கூட முதல் பந்தி எழும்பிய பிறகு வந்து சேருகிற மனிதன் அவன். ஒரு மெஷினுக்காக அரை மணித்தியாலம் முந்தி வந்தால் என்ன அர்த்தம்?

"உம்மா, சாச்சா வந்திட்டாரு," என்றாள் மகள் ஷிஹாரா.

"கேட்டிச்சு. விறாந்தையில கதிரையப் போடு. திரைய நல்லா இழுத்து விடு."

றஹ்மத் உம்மாவின் கணவர் தாஹிர் மவுத்தாகி நான்கு மாதமும் ஏழு நாளும் ஆகின்றன. எலுவன்குளத்துத் தோட்டங்களில் விறகு எடுக்கப் போனவரை, அன்று பின்னேரமே மையித்தாகப் பள்ளிவாசல்துறை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். இருதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவள் இத்தாவில், கணவனை இழந்தவளுக்கான நாலு மாதம் பத்து நாள் ஒதுக்கத்தில், இருக்கிறாள். வீட்டுக் கேற்றைத் தாண்டவில்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படவில்லை. மார்க்கக் கணக்கில் கணவரின் தம்பியும் அந்நியன்தான். ஆகவே ஸியாத் வந்தால் திரைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள், நடுவில் கதை.

இன்னும் மூன்று நாளில் இத்தா முடிகிறது. அடுத்த கிழமை மூன்று கல்யாண வீடுகள் புரியாணிக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. கல்பிட்டியிலிருந்து புத்தளம் வரை பெரிய தட்டில் வைத்துப் பலர் சேர்ந்து உண்ணும் றஹ்மத் உம்மாவின் சஹன் சோற்றுக்கு ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேர் விறகு அடுப்பில் வந்த பேர். காஸ் அடுப்பில் ஆக்கினால் தன் கைப் பக்குவம் கெட்டுவிடும் என்பது அவளுடைய பிடிவாதம். இருபத்தாறு வருடமாக அவளுக்கு விறகு பிளந்து கொடுத்தது தாஹிரின் கோடாலி. இப்போது கோடாலி இருக்கிறது, ஆள் இல்லை. மூன்று கல்யாணத்தையும் கைவிட்டால் அடுப்பையும் கைவிட வேண்டியதுதான். ஊர் ஒருமுறை வேறு கைச் சோறு சாப்பிட்டுப் பழகினால் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் மெஷின். அதுவும் இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும்.

இரண்டு கிழமையாக வீட்டில் இதே பேச்சு. கணவன் கட்டாரில் இருப்பதால் ஷிஹாராவின் பொழுதெல்லாம் போனில்தான். இப்போது புருஷனோடு பேசுகிற நேரத்தைவிட விறகு பிளக்கும் மெஷின் வீடியோ பார்க்கிற நேரம் கூடிவிட்டது. ஐந்து தொன், ஏழு தொன், எட்டுத் தொன். விறகுக் குத்தியைப் படுக்க வைப்பது, நிற்க வைப்பது. கரண்டில் ஓடுவது, பெற்றோலில் ஓடுவது. எல்லாம் பாடம்.

உம்மா கேட்டதோ மூன்றே கேள்வி. புளியங்குத்தி பிளக்குமா? குசினிக் கரண்டிலேயே ஓடுமா? ஒரு பொம்பிளை தனியாக நின்று வேலை செய்யலாமா?

இந்த மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி, கொழும்புக் கடையொன்றில் புத்தம் புது ஏழு தொன் மெஷினை ஷிஹாரா தெரிவு செய்திருந்தாள். அது ஸியாத்துக்குப் பிடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு பாவித்த மெஷின் இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"மதினி, சுகமா?" திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். மெஷின் எங்க தம்பி?"

"பின்னால லொறியில வருது. நிக்கொலஸ் எண்டு ஒத்தன் கொண்டு வாறான். நல்ல மனிசன்."

"விலை என்ன?"

"அத பொறகு பாத்துக்குவம்."

றஹ்மத் உம்மா மகளைப் பார்த்தாள். மகள் உம்மாவைப் பார்த்தாள். விலையைச் சொல்லாமல் சாமானைக் கொண்டு வருகிற வியாபாரியை இந்தக் கரையில் யாரும் கண்டதில்லை.

"மகள் பாத்த புது மெஷினுக்கு ரெண்டு வருச வொரண்டி இரிக்கி," என்றாள் றஹ்மத் உம்மா.

"அது பாக்கத்தான் சோக்கு மதினி. புளியங்குத்தியக் கண்டா நிண்டு போயிரும். இது எட்டுத் தொன். என்ட ரெண்டு கண்ணாலயும் பாத்தன்."

"எங்க பாத்தீங்க?"



"செலாபத்தில. ஒரு பேக்கரிக்காரர் ரெண்டு வருசம் பாவிச்சது."

"பேக்கரிப் போறணைக்கு நீட்டு விறகுதானே போடுவாங்க? மகள் காட்டின வீடியோவில எல்லாம் ஒரு முழத்துக்கு மேல குத்தி வைக்கேலாது, அப்பிடி மெஷின் அவருக்கு என்னத்துக்கு?"

"அதனாலதான் விக்கிறாரு போல," என்றான் ஸியாத். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். உள்ளே யாரும் சிரிக்கவில்லை.

லொறி வந்தது. றஹ்மத் உம்மா குசினிக்குப் போய் ஜன்னல் கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டாள். பின்வளவில் நிக்கொலஸும் ஸியாத்தும் மெஷினை இறக்கினார்கள். இடுப்பளவு உயரம். உச்சியில் இரும்பு ஆப்பு, கீழே குத்தி நிற்கத் தட்டு, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கைப்பிடிகள். அடி முதல் நுனி வரை பச்சைப் பெயின்ட். அந்த வாசம் ஜன்னல் வரை வந்தது.

"இப்பத்தான் பெயின்ட் அடிச்சிரிக்காங்க," என்று மகளின் காதில் சொன்னாள். "விக்கிற மாட்டக் குளிப்பாட்டின மாதிரி. என்னத்த மறைக்கிறாங்கெண்டு பாரு."

ஷிஹாரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வளவுக்குப் போனாள்.

நிக்கொலஸ் லொறியிலிருந்தே நாலைந்து குத்திகளை இறக்கி, ஒன்றைத் தட்டில் நிறுத்தினான். இரண்டு கைப்பிடிகளையும் ஒன்றாக அமர்த்தினான். ஆப்பு இறங்கியது, குத்தி பிளந்தது. இன்னொன்று. அதுவும் பிளந்தது. ஸியாத் ஷிஹாராவைப் பார்த்துத் தலையாட்டினான், பார்த்தாயா என்கிற மாதிரி.

"மகள்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது சவுக்கு. சத்தத்திலேயே தெரியுது. சவுக்கப் பிளக்க மெஷின் என்னத்துக்கு, நீயே பிளப்பாய். நம்மட புளியங்குத்திய வைக்கச் சொல்லு. அந்த மொளி உள்ளத."

கொட்டிலில் அந்தப் புளியங்குத்தி கிடந்தது. நடுவில் முறுகிக் கட்டிய கணுவாகப் பெரிய மொளி. கோடாலியை இரண்டு முறை திருப்பி அனுப்பிய குத்தி அது. நிக்கொலஸ் அதை உருட்டி வந்து தட்டில் நிறுத்தினான். ஆப்பு இறங்கி மொளியில் நின்றது. மோட்டர் முக்கியது. ஸியாத்தின் முகம் கறுத்தது. பிறகு உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்த சத்தம் கேட்டு, குத்தி நெடுக வாய் பிளந்து இரண்டாக விழுந்தது.

மெஷின் நல்ல மெஷின். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. றஹ்மத் உம்மாவுக்கு அதுதான் கூடுதலாக உறுத்தியது. நல்ல சாமானை விற்பதற்குப் பொய் எதற்கு?

"இத எவ்வளவு காலமா பாவிக்கிறீங்க?" என்று ஷிஹாரா நிக்கொலஸைக் கேட்டாள்.

"எங்க பாவிக்கிறது தங்கச்சி? நாலு மாசமா சும்மாதானே கிடக்கு."

"ஏன்?"

"வேலை செய்ற ஆள் இல்லயே."

ஸியாத் பலமாக இருமினான். "பேக்கரியில ஆள் நிண்டுட்டானாம். அதச் சொல்றாரு."

நிக்கொலஸ் அவனைப் பார்த்தான். எந்தப் பேக்கரி என்று கேட்கிற பார்வை அது. பிறகு குனிந்து பிளந்த விறகைப் பொறுக்கத் தொடங்கினான். ஜன்னலுக்குப் பின்னால் றஹ்மத் உம்மா அசையாமல் நின்றாள். இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு வேறு கணக்கு இருக்கோ இல்லையோ, நாள் கணக்கு இருக்கும். நாலு மாதத்துக்கு முன் நின்றுபோன ஓர் ஆளை அவளுக்கும் தெரியும்.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஸியாத் பள்ளிக்குப் புறப்பட்டான். நிக்கொலஸ் சாப்பிட்டு வருவதாகச் சந்திக் கடைக்குப் போனான். கேற் மூடிய சத்தம் கேட்டதும் றஹ்மத் உம்மா பின்கதவைத் திறந்து வளவுக்கு இறங்கினாள்.

"உம்மா, தொழல்லயா?"

"தொழ இன்னும் வக்து இரிக்கி. மொதல்ல இதப் பாப்பம்."

மெஷினைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு நிக்கொலஸ் நின்ற இடத்தில் நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தாள். இடது பிடி இலேசாக இறங்கி, விட்டதும் மேலே வந்தது. வலது பிடி இறங்கியது, ஆனால் முழுக்க மேலே வரவில்லை. அடியில் ஏதோ தடுத்தது.

"ரெண்டையும் ஒண்டா அமத்தினாத்தான் ஆப்பு இறங்கும் உம்மா," என்றாள் ஷிஹாரா. "ஒண்ட விட்டாலும் நிண்டுரும். ரெண்டு கையும் பிடியில இரிக்கோணும் எண்டுதான் அப்பிடிச் செஞ்சிரிக்காங்க. இல்லாட்டி கை உள்ள போயிரும்."

றஹ்மத் உம்மா குனிந்து வலது பிடியின் அடியைத் தடவினாள். பெயின்டுக்குக் கீழே இரும்பு இல்லை. மெத்தென்று ஏதோ சுற்றியிருந்தது. "கத்தி கொண்டு வா," என்றாள்.

கத்தி முனையால் சுரண்டச் சுரண்டப் பச்சை உரிந்தது. உள்ளே துணி. பிடி மேலே எழும்பாதபடி அதை மெஷினோடு சேர்த்துக் கட்டிய துணி. நீள நுனியை யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள். அடியில் சுற்றியிருந்ததைக் கவனிக்காமல் அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

துணியை முடிச்சோடு அப்படியே வெட்டி எடுத்து, மடித்திருந்த உட்பக்கத்தை விரித்தாள். நீலக் கட்டம். விளிம்பில் ஒரு மூட்டு. நீலச் சாரனில் சிவப்பு நூல் தையல்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு எடுத்த சாரன் அது. மூட்டிக் கொடுக்க உட்கார்ந்தபோது தையல் மெஷினில் சிவப்பு நூல்தான் இருந்தது. மாற்றச் சோம்பல். "ஆரு பாக்கப் போறா?" என்று அப்படியே தைத்துவிட்டாள். தாஹிர் அந்தச் சாரனை உடுத்திக்கொண்டு பள்ளிக்கே போய் வந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எலுவன்குளத்துக்குப் போன அன்றைக்கும் அதைத்தான் உடுத்திருந்தார்.

"உம்மா, இது வாப்பாட..." என்று தொடங்கிய ஷிஹாரா சிவப்புத் தையலைத் தொட்டாள்.

"ஓம். வாப்பாடதான்."

றஹ்மத் உம்மாவுக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. ஒரு பிடியைக் கட்டிவிட்டால் இடது கை மட்டும் போதும். வலது கைக்கு வேலையில்லை. வேலையில்லாத கை எங்கே போகும்? குத்தி சரியாமல் பிடிக்கப் போகும். ஆப்பு மேலேயிருந்து இறங்கும்.

மையித்தை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது நடந்ததெல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆண்கள் குளிப்பாட்டினார்கள். கபன் துணி சுற்றினார்கள். அவளைக் கூப்பிட்டு முகத்தைத் திறந்து காட்டினார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதில் யாரும் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. முகம் தூங்குகிற முகமாக இருந்தது. கையை அவள் பார்க்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

ஸியாத் பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது அவள் தொழுது முடித்துத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வெட்டியெடுத்த துணி மடியில் இருந்தது. நிக்கொலஸ் இன்னும் வரவில்லை.

"என்ன மதினி, முடிவா? எடுப்பமா?"

"ஒண்டு கேக்கோணும் தம்பி. ஒங்கட கூடப்பிறந்த நானாட மையித்தக் குளிப்பாட்டினது நீங்கதானே?"

"ஓம். நானும் பள்ளி ஆக்களும்."

"அவர்ட சோத்துக் கையில எத்தன விரல் இரிந்திச்சி?"

கதிரை கிறீச்சிட்டது. 

"ஆரு சொன்னா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ரெண்டு இல்ல மதினி. ரெண்டு விரல் இல்ல."

ஷிஹாரா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். றஹ்மத் உம்மா அவளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஸியாத் எல்லாவற்றையும் கொட்டினான். மெஷின் பேக்கரிக்காரருடையது இல்லை. தாஹிரே வாங்கியது. மெஷின் என்றாலே இவள் முகம் சுளிப்பாள் என்று சொல்லாமல் வாங்கி, எலுவன்குளத்தில் மரம் வெட்டுகிற நிக்கொலஸின் கொட்டிலில் வைத்திருந்தார். அங்கே நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வீட்டில் கொண்டு வந்து நிறுத்துவது அவருடைய எண்ணம். அன்றைக்கு ஸியாத்தும் கூடப் போயிருந்தான். வள்ளம் கரையில் கிடந்த நாள், கடலுக்குப் போக முடியாத காற்று.

"ரெண்டு பிடியையும் புடிச்சிக்கிட்டு நிண்டா வேல சுணங்குது எண்டாரு. நானாதான் அவர்ட சாரன் ஓரத்தக் கிழிச்சி ஒரு பிடியக் கட்டினாரு. நான் வேணாமெண்டன் மதினி. கேக்கல்ல. பத்தாவது குத்தியோ பதினோராவதோ... வான் வண்டியில ஏத்தி வாற வழியில நெஞ்சப் புடிச்சாரு. ஆஸ்பத்திரிக்கு வர முந்தியே முடிஞ்சிரிச்சி."

"எங்களுக்கு ஏன் சொல்லல்ல?"

"அறுந்த கைய நெனச்சி நெனச்சி நீங்க நாலு மாசம் இரிக்கோணுமா? நாந்தான் எல்லாருக்கிட்டயும் சொல்ல வேணாமெண்டன். ஆனா மெஷின் நானா ஒங்களுக்கு வாங்கினது. அது ஒங்கட கைக்கு வரோணும். அதுக்குத்தான் இந்தப் பொய்யெல்லாம். அல்லாஹ்வுக்காக என்ன மன்னிச்சிக்குங்க."

அவன் அழுகிற சத்தம் கேட்டது. மெய்யான அழுகை. றஹ்மத் உம்மாவின் மனம் இளகியது. நாலு மாதமாக இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறானே, பாவம். காலையிலிருந்து அவனை எத்தனை விதமாகச் சந்தேகப்பட்டுவிட்டோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது அவள் விரல்கள் மடியிலிருந்த துணியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தன. அது அவிழவில்லை. இழுக்க இழுக்க இறுகியது.

தாஹிர் எப்படி முடிச்சுப் போடுவார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு விறகுக் கட்டிலும் ஒரு நுனியைச் சுருக்காக விட்டு வைப்பார். அடுப்புக்கு முன்னால் ஒரு கையில் அகப்பையோடு நிற்கிறவள், மறு கையால் ஓர் இழுப்பு இழுத்தால் கட்டு அவிழ வேண்டும். அவருக்கு வேறு முடிச்சுத் தெரியாது. ஒருமுறை வள்ளத்தை அவர் கட்டப் போய், அது அவிழ்ந்து களப்பு நீரில் மிதந்து, ஸியாத்தே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

இது இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவால் நுழைத்து, திருப்பிப் பூட்டிய முடிச்சு. வலை கட்டுகிறவர்கள் போடுவது. நிக்கொலஸும் கடற்கரையில் பிறந்தவனாக இருக்கலாம். அன்றைக்கு அங்கே இன்னும் யார் யார் நின்றார்களோ. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் பதினைந்து வயதிலிருந்து வலையோடு கிடப்பவன்.

றஹ்மத் உம்மா துணியை முந்தானையில் முடிந்துகொண்டாள். 

"மதினி, மெஷினக் கொண்டு போகச் சொல்லவா?"

"வேணாம். இரிக்கட்டும். நான் எடுக்கிறன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று ஸியாத் நீளமாக மூச்சு விட்டான்.

"இன்னும் மூணு நாள்ல என்ட இத்தா முடியுது தம்பி. நாலாம் நாள் காலையில மெஷினையும் ஏத்திக்கிட்டு எலுவன்குளம் போறம். மகளும் வருவா. அண்டைக்கு அங்க நிண்ட எல்லாரையும் வரச் சொல்லுங்க."

"அங்க போய் என்னத்துக்கு மதினி?"

"ஒவ்வொருத்தரா அந்தப் பிடியக் கட்டிக் காட்டட்டும். நான் பாக்கோணும்." அவள் எழுந்து நின்றாள். "மொதல்ல நீங்க கட்டுங்க."